வசந்தத்தில் கேம்பர்வேன்: தென்தீவை மெதுவாகச் சுற்ற நினைக்கும் சிங்கப்பூர் நண்பர்களுக்கு

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு நியூசிலாந்தைச் சுற்றலாமா என்று நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் எழுதினால் போதும், அன்று இரவுக்குள் பதினைந்து ஊர்ப் பெயர்களோடு ஒரு பட்டியல் வந்து விழும். துவாஸிலிருந்து சாங்கிக்கு ஒரு மணி நேரத்தில் போய்ப் பழகியவர்கள் நாம். வரைபடத்தில் ஒரு விரல் தள்ளியிருக்கும் ஊர் மூன்று மணி நேரத் தொலைவு என்பது அங்கே போன பிறகுதான் உறைக்கும். அதனால் முதல் வேலை அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுவது. பதினைந்து ஊர் பார்த்தே ஆகவேண்டும் என்றால் சாதாரண கார் எடுத்து மோட்டல்களில் தங்குங்கள், அது வேகமாகவும் இருக்கும், பல சமயம் மலிவாகவும் முடியும். கேம்பர்வேனின் பயன் வேறு. பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்தி, டீ போட்டுக் குடித்து, இன்னொரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றினால் இருந்துவிட முடியும் என்பதற்காகத்தான் அந்தப் பெரிய வண்டியை மலையில் ஏற்றி இறக்குகிறோம்.

கீழே சொல்லியிருப்பதெல்லாம் நான்கு நண்பர்கள், ஒரு வண்டி, தென்தீவில் மட்டும் பத்து இரவுகள் என்ற கணக்கில். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது, முடிந்த இடங்களில் இரண்டு இரவு தங்கவேண்டும். இந்த இரண்டையும் குழுவில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு டிக்கெட் போடுங்கள்.

எந்த மாதம்

அங்கே வசந்தம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. நாம் ஜப்பானுக்குப் பூப் பார்க்கப் போகும் மார்ச், ஏப்ரலில் போனால் அங்கே இலையுதிர்காலம்தான் இருக்கும். மூன்று மாதமும் வசந்தம் என்றாலும் மூன்றும் மூன்று விதம். செப்டம்பரில் மலைகள் இன்னும் வெள்ளையாக இருக்கும், மேய்ச்சல் நிலமெல்லாம் ஆட்டுக்குட்டிகள், ஆனால் ராத்திரி உள்நாட்டில் தெக்காப்போ ஏரிப் பக்கம் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும், காலையில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் கிறைஸ்ட்சர்ச்சின் ஹேக்லி பூங்காவில் செர்ரி மரங்கள் பூக்கும், தெற்கே சென்ட்ரல் ஒட்டாகோ வட்டாரத்தின் பழத்தோட்டங்களும் பூத்து நிற்கும். அலெக்சாண்ட்ரா என்ற ஊரில் இதற்காகவே 1957 முதல் பூ விழா நடக்கிறது. பூவைப் பார்த்துப் பழமும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், செர்ரிப் பழம் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வரும்.

அதே இரண்டு வாரம்தான் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை, கேம்பர்வேன் நிறுத்தித் தங்கும் முகாம்களில் கூட்டம் அதிகம். அக்டோபரின் நான்காவது திங்கள் தொழிலாளர் தினம், அந்த நீண்ட வாரயிறுதியும் அப்படித்தான். இவற்றைத் தள்ளிவிட்டு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை போவது என் தேர்வு. குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும், மலையுச்சிகளில் பனி மிச்சமிருக்கும், பொழுது சாய எட்டு மணி தாண்டிவிடும். தீபாவளியும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும், அதைக் குடும்பத்தோடு பேசி முடித்துவிட்டு லீவு எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நம் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் நவம்பர் பின்பாதிதான் வழி. அதுவும் மோசமில்லை, ஏனென்றால் லூபின் பூக்கள் அப்போதுதான் வரும். ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று ஏரிக்கரை முழுக்க நிற்கும் அந்தப் பூவோடு எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது வெளியிலிருந்து வந்த களை, ஆற்றுப் படுகைகளில் பறவைகள் முட்டையிடும் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது உள்ளூர்க்காரர்களின் வருத்தம். விதையைப் பறித்துப் பையில் போடாதீர்கள்.

எந்த வாரம் போனாலும் காற்றும் மழையும் உண்டு. வசந்தம்தான் அங்கே பெருங்காற்று வீசும் பருவம்.

ஆட்களும் படுக்கைகளும்

வாடகை நிறுவனங்கள் இரண்டு படுக்கை, நான்கு படுக்கை, ஆறு படுக்கை என்று வண்டிகளைப் பிரித்து வைத்திருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். ஆறு படுக்கை வண்டியில் ஆறு பேர் படுக்கலாம், உண்மைதான், ஆனால் ஆறு பேரின் பெட்டியும் ஈரச் செருப்பும் குளிர்ச்சட்டையும் எங்கே போகும்? நான்கு பேருக்கு ஆறு படுக்கை வண்டி எடுத்தால் மேசையை ஒவ்வொரு ராத்திரியும் படுக்கையாக மாற்றி, காலையில் மறுபடியும் மேசையாக்கும் வேலை மிச்சம். ஆறு பேர் என்றால் இரண்டு சின்ன வண்டிகளாக எடுங்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு வண்டியில் ஏறிக்கொள்ளலாம், நாலு நாளில் ஒருமுறையாவது இது தேவைப்படும்.

படுக்கையை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் மேல்படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், நிமிர்ந்து உட்கார முடியாது, ராத்திரி இரண்டு முறை எழுந்திருப்பவருக்கு அது வேண்டாம். குறட்டை விடுபவர் யார் என்பதையும் வெட்கப்படாமல் கேட்டுவிடலாம்.

கழிவறையும் குளியலறையும் உள்ள வண்டிதான் எடுங்கள். ‘நாங்கள் முகாமில் இருப்பதையே பயன்படுத்துவோம்’ என்று சொல்லிச் சின்ன வேன் எடுப்பவர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு, இரண்டு டிகிரி குளிரில், டார்ச் பிடித்துக்கொண்டு முகாமின் மறுகோடிக்கு நடக்கும்போது அந்த முடிவைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். தவிர, நிலையான கழிவறையோடு ‘செல்ஃப் கன்டெய்ன்ட்’ என்று சான்று பெற்ற வண்டியாக இருந்தால்தான் இலவசமாக நிறுத்தவிடும் பெரும்பாலான இடங்களில் ராத்திரி தங்கமுடியும். சான்று இல்லாமல் கண்ட இடத்தில் படுத்தால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம்.

வண்டியில் டீசல் ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், அது மின்சாரம் இணைக்காத இடத்திலும் வேலை செய்யும். குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே உட்காரும் யோசனை யாருக்கு வந்தாலும் அனுமதிக்காதீர்கள், மூடிய வண்டியில் அது ஆளையே கொல்லும்.

ஆவணங்கள்

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் என்இஸட்இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். அதனுடன் பயணிகள் வரியும் சேர்த்துக் கட்டவேண்டும், 2024 அக்டோபரிலிருந்து அது 100 நியூசிலாந்து டாலர். அனுமதி வர 72 மணி நேரம் வரை ஆகலாம், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். குழுவில் இந்தியக் கடப்பிதழோடு இங்கே நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருப்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார், அவருக்கு முறையான வருகையாளர் விசா வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மற்றவர்கள் டிக்கெட் போடுமுன் அவருடைய விசா நிலவரத்தைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் இருக்கும் சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். கைப்பேசியில் இருப்பதை நம்பாமல் அட்டையையே கொண்டுபோங்கள், ஓட்டும்போது உரிமம் கையில் இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். 3ஏ வகுப்பு உரிமம் வைத்திருப்பவர்கள் தானியங்கி கியர் வண்டியா என்று பதிவு செய்யும்போதே உறுதி செய்யுங்கள். குறைந்தபட்ச வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெரும்பாலும் 21. இன்னும் பி பிளேட்டில் இருப்பவரை அனுமதிப்பார்களா என்பதையும் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஓட்டுபவர் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். உரிமம் எடுத்ததோடு சரி, அப்புறம் ஸ்டியரிங்கையே தொடாதவர்கள் நம்மில் ஏராளம். அப்படிப்பட்டவர் கிளம்புமுன் ஒரு வாரயிறுதி இங்கே வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்னால் கண்ணாடி வழியாகப் பார்க்கமுடியாத வண்டியைப் பக்கக் கண்ணாடிகளை மட்டும் வைத்து நிறுத்திப் பழகட்டும்.

காப்புறுதியில் ‘எக்ஸஸ்’ என்ற தொகையைப் பாருங்கள். வண்டிக்கு ஏதாவது ஆனால் நம் கையிலிருந்து போகக்கூடிய தொகை அது, ஆயிரக்கணக்கில் இருக்கும், அதைக் கிரெடிட் கார்டில் முன்கூட்டியே பிடித்து வைப்பவர்களும் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டினால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். ‘என் பயணக் காப்புறுதியிலேயே வாடகை வண்டி எக்ஸஸ் இருக்கிறதே’ என்பார் ஒருவர். சில காப்புறுதிகள் காருக்கு மட்டும்தான், கேம்பர்வேனை விலக்கிவிடும், சிறிய எழுத்தைப் படித்தால்தான் தெரியும். கூரையில் இடிபடுவதும் வண்டியின் அடிப்பாகம் சேதமாவதும் காப்புறுதியில் சேருமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். குவீன்ஸ்டவுன் அருகிலுள்ள ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலை வாடகை வண்டிகளுக்கு அநேகமாக எங்குமே தடை.

பெட்டியும் சாப்பாடும்

மடக்கக்கூடிய பைகளாகக் கொண்டுபோங்கள், பெரிய சூட்கேஸ் வைக்க வண்டியில் இடமே கிடையாது. அங்கே பிளக் மூன்று தட்டைப் பின், நம்முடையது செருகாது, மாற்றி வேண்டும், மின்னழுத்தம் ஒன்றுதான்.

சாப்பாட்டில்தான் நம் ஆட்கள் மாட்டுவது. நியூசிலாந்தின் உயிரியல் பாதுகாப்பு விதிகள் விளையாட்டில்லை. பழம், காய்கறி, பச்சைக் கறிவேப்பிலை, தேன், இறைச்சி எதையும் எடுத்துக்கொண்டு போகவேண்டாம். மசாலாப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல், முறுக்கு என்று எதைக் கொண்டுபோனாலும் பயணிகள் அறிவிப்புப் படிவத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பையைத் திறந்து பார்ப்பார்கள், ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம், விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் மறந்து வைத்திருந்தாலும்கூட. அம்மா அரைத்துக் கொடுத்த பொடி அருமையாகத்தான் இருக்கும், ஆனால் பெயர் போடாத பொட்டலத்தைப் பார்த்து அதிகாரி கேள்வி கேட்கும்போது வரிசையே நிற்கும். தேக்காவிலோ முஸ்தஃபாவிலோ விற்கும், பெயரும் உள்ளடக்கமும் அச்சிட்ட பொட்டலங்களே நிம்மதி. மலையேற்றக் காலணியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள், மண் ஒட்டியிருந்தால் அதற்கும் நிறுத்துவார்கள். அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் இலவசமாக நிரப்பலாம், கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து.

அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம் எல்லாம் அங்கேயே வாங்கலாம். கிறைஸ்ட்சர்ச்சில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, மற்றதற்குப் பேக்அன்சேவ் பேரங்காடி பொதுவாக மலிவு. முதல் நாளே நான்கு நாளைக்குத் தேவையானதை வாங்கிவிடுங்கள். அடுத்தடுத்த ஊர்களில் கடை சின்னது, விலை பெரியது, மவுண்ட் குக் கிராமத்தில் பேரங்காடியே கிடையாது.

இன்னொன்று. வண்டியில் இருக்கும் சுவர் பிளக் முகாமில் மின்சாரம் இணைத்தால் மட்டுமே வேலை செய்யும். ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் இலவச இடத்தில் நிறுத்தினால் அது வெறும் பாத்திரம்தான். கேஸ் அடுப்பு எங்கும் எரியும், அதற்கேற்றபடி சின்ன குக்கரோ சரியான மூடியுள்ள பாத்திரமோ வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் காய்ந்த மிளகாய் தாளிக்காதீர்கள்: ஒன்று, புகை எச்சரிக்கை மணி அலறும், இரண்டு, அந்தப் போர்வைகளை மூக்கு வரை இழுத்து மூடிக்கொண்டு ஒன்பது ராத்திரி நாம்தான் படுக்கவேண்டும், மூன்று, திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம் வரலாம். ஹாலிடே பார்க் என்று சொல்லும் தனியார் முகாம்களில் பொதுச் சமையலறை இருக்கும், குழம்பு, பொரியலெல்லாம் அங்கே. ஒரே சமயத்தில் இரண்டு நாளைக்கான குழம்பை வைத்துவிட்டால் மறுநாள் சோறு வடித்தால் போதும்.

முதல் நாள்

சாங்கியிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய பத்து மணி நேரம். இங்கே மாலை ஏறினால் அங்கே மறுநாள் காலை, கடிகாரம் நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னால் இருக்கும், செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஐந்து. தூங்காத கண்ணோடு வண்டியை எடுத்து அன்றே தெக்காப்போவுக்கு ஓட்டாதீர்கள். விமான நிலையத்தின் பக்கத்திலேயே வாடகை நிறுவனங்களின் கிடங்குகள் இருக்கின்றன. வண்டியை எடுத்து, பொருள் வாங்கி, நகரத்திலேயே ஒரு முகாமில் தங்கிவிடுங்கள்.

வண்டி கொடுக்கும் இடத்தில் விளக்கக் காணொளி போட்டுக் காட்டுவார்கள், எல்லாரும் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பார்கள். வேண்டாம். இரண்டு பேர் ஊழியரோடு வண்டியைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள், கூரை, டயர், முன்கண்ணாடியில் கீறல் உட்பட. நல்ல தண்ணீர் நிரப்பும் வாய் எது, டீசல் ஊற்றும் வாய் எது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டீசல் தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிடுவது கேம்பர்வேன்காரர்களிடம் சகஜமான விபத்து, அதற்குக் காப்புறுதி பொதுவாக உதவாது. கேஸை எப்படி மூடுவது, ஹீட்டரை எப்படிப் போடுவது, கழிவறைப் பெட்டியை எப்படி எடுப்பது என்று நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள், மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும், மாடிக் கார் நிறுத்தங்களும் தாழ்ந்த மரக்கிளைகளும் நமக்கு ஆகாது.

சாலையில்

இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி, இதெல்லாம் நமக்குப் பழக்கம். தென்தீவில் சாலைக் கட்டணமும் கிடையாது, மின்னியல் கட்டண வளைவைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது தனி சந்தோஷம். ஆனால் நம் விரைவுச்சாலை மாதிரி எதுவும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் கோடு. ஊருக்கு வெளியே பொதுவான உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், ஆனால் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு 90தான். உங்கள் வண்டி எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் வளைவுகளில் 60, 70 தாண்ட முடியாது. வரைபடச் செயலி மூன்று மணி நேரம் என்றால் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் இடம் பார்த்து ஓரம் கட்டி வழிவிடுங்கள். இது மரியாதை மட்டுமல்ல, பொறுமையிழந்த ஓட்டுநர் வளைவில் உங்களை முந்தப் பார்ப்பதைத் தவிர்க்கும் பாதுகாப்பும்கூட. ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் நிறைய வரும். நீலச் சதுரத்தில் பெரிய வெள்ளை அம்பு உங்கள் பக்கம் இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் திசை அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருபவர் போகும்வரை நில்லுங்கள். முன்னுரிமை இருந்தாலும் எதிரே யாரும் ஏறிவிடவில்லையா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள்.

காற்றைச் சொன்னேன் அல்லவா, தெக்காப்போ, புக்காக்கி ஏரிகள் பக்கம் அது உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். வேகத்தைக் குறைப்பதுதான் வழி. நிறுத்தும்போது வண்டியின் முகம் காற்றைப் பார்த்து இருக்கட்டும், பின்பக்கத்திலிருந்து காற்று வந்தால் திறந்த கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும், கதவுக் கீல் செலவு சின்னதில்லை. காலையில் வானிலைக்கு மெட்சர்வீஸ், சாலை மூடலுக்கு அரசாங்கத்தின் பயணத் திட்டப் பக்கம், இரண்டையும் டீ குடிக்கும்போதே பார்த்துவிடுங்கள். வசந்தத்திலும் மலைக் கணவாய்களில் பனி விழும், செப்டம்பர், அக்டோபரில் டயருக்கான சங்கிலி வண்டியில் இருக்கட்டும்.

ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உட்காரவேண்டும். பின்னால் படுத்துக்கொள்வதும், நின்று டீ போடுவதும் கூடாது. கிளம்புமுன் ஒருவர் சத்தம் போட்டுக் கேட்கட்டும்: கேஸ் மூடியாச்சா, ஜன்னல் சாத்தியாச்சா, மின்கம்பி கழற்றியாச்சா, அலமாரி பூட்டியாச்சா. மின்கம்பியை இழுத்துக்கொண்டே கிளம்பும் வண்டிகளை முகாம்களில் பார்க்கலாம்.

ராத்திரி எங்கே, கழிவு எங்கே

மூன்று வகை இடங்கள். ஹாலிடே பார்க்கில் மின்சாரம், வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், சமையலறை எல்லாம் உண்டு, விலையும் அதற்கேற்ப. டிஓசி என்ற அரசாங்க இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் மலிவு, வசதி குறைவு, இடம் அழகு. மூன்றாவது, உள்ளூராட்சி அனுமதிக்கும் இலவச இடங்கள். கேம்பர்மேட் செயலியில் மூன்றும் வரைபடத்தில் தெரியும். இரண்டு ராத்திரி எளிமையான இடம், மூன்றாம் ராத்திரி ஹாலிடே பார்க் என்று மாற்றி மாற்றிப் போவது நன்றாக வரும். பேட்டரியும் ஏறிவிடும், துணியும் வெளுத்துவிடும், எல்லாரும் நன்றாகக் குளித்துவிடலாம்.

இப்போது யாரும் பேச விரும்பாத விஷயம். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டியிலும், கழிவறையில் போவது கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பெட்டியிலும் சேரும். நான்கு பேர் பயன்படுத்தினால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ‘டம்ப் ஸ்டேஷன்’ என்ற இடத்தில் இரண்டையும் காலி செய்யவேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முதலில் கழிவறைப் பெட்டி, அப்புறம் கழுவின தண்ணீர். பெட்டியை அங்கே அதற்கென்று இருக்கும் குழாயில் அலசி, கொடுத்திருக்கும் மருந்தை ஊற்றித் திரும்ப வையுங்கள். நல்ல தண்ணீர் பிடிக்கும் குழாயை இதற்குத் தொடவே கூடாது. ஐந்து நிமிட வேலை. யார் செய்வது என்று முறை வைத்துக்கொள்ளாவிட்டால் எப்போதும் ஒரே ஆள்தான் செய்வார், அவருக்கு ஐந்தாம் நாளே கோபம் வரும். ஓட்டுபவருக்கு இதிலிருந்து விலக்கு கொடுக்கலாம் என்பது என் யோசனை.

வழி

இரண்டாம் நாள் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஜெரால்டைன், ஃபேர்லி வழியாகத் தெக்காப்போ ஏரி, சுமார் 230 கிலோமீட்டர், பயணத்தின் நீளமான ஓட்டங்களில் ஒன்று. ஃபேர்லியில் ரொட்டிக் கடையில் ‘பை’ என்ற, உள்ளே அடைத்துச் சுட்ட பண்டத்தை வாங்கிச் சாப்பிடுங்கள். தெக்காப்போவில் இரண்டு இரவு. ஏரிக்கரையில் 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயத்தைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். ஆனால் இந்த ஊரின் உண்மையான காட்சி ராத்திரி வானம். 2012 முதல் இந்த வட்டாரம் சர்வதேச இருள்வானக் காப்பகம், விளக்கு வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. நம் வீட்டு மாடியிலிருந்து நாலு நட்சத்திரம் எண்ணிப் பழகியவர்கள் பால்வீதியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், நிலவு வெளிச்சத்தில் பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

அடுத்து அவோராக்கி என்னும் மவுண்ட் குக், சுமார் 105 கிலோமீட்டர்தான், இரண்டு இரவு. புக்காக்கி ஏரியோரம் போகும் அந்தச் சாலையை அவசரமாகக் கடக்கவேண்டாம். பனியாறு அரைத்த பாறைத்தூள் தண்ணீரில் மிதப்பதால்தான் ஏரிக்கு அந்தப் பால் கலந்த நீலம். ஏரிக்கரையிலும் ட்வைசல் ஊரருகிலும் சால்மன் மீன் புதிதாகக் கிடைக்கும், குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற டிஓசி முகாம், மின்சாரம் இல்லை, குளிர் கடுமை, ஆனால் 3,724 மீட்டர் உயர மலையின் காலடி. அங்கிருந்து கீயா பாயிண்ட் வரை நடந்து வர ஒரு மணி நேரம் போதும். புகழ்பெற்ற ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதை முழுக்கப் போய்வர பத்து கிலோமீட்டர். 2025இல் ஒரு தொங்குபாலத்தை மாற்றும் வேலைக்காக அதன் பிற்பகுதியை மூடினார்கள், எதுவரை போகலாம் என்று டிஓசி பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சீலி டார்ன்ஸ் என்ற மலைமேல் குட்டைகளுக்கு ஏற 2,200 படி. முழங்கால் சரியில்லாதவர் கீழே இருந்து டீ போடட்டும். கீயா என்ற மலைக்கிளி வந்தால் சோறு வைக்காதீர்கள், வண்டியின் ரப்பரையே கொத்திப் பிய்க்கும் பறவை அது.

மவுண்ட் குக்கிலிருந்து ஒமாராமா, 971 மீட்டர் உயர லிண்டிஸ் கணவாய் வழியாக வானக்கா, அங்கே இரண்டு இரவு. வானக்காவில் எதுவும் செய்யாமல் ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்காருவதற்காகவே ஒரு முழு நாளை விடுங்கள்.

குவீன்ஸ்டவுன் போகவில்லையா என்பீர்கள். பெரிய வண்டியை அங்கே நிறுத்துவது தலைவலி, கூட்டமும் விலையும் நம் ஆர்ச்சர்ட் ரோடு மாதிரி. காலில் கயிறு கட்டிக்கொண்டு பங்கி குதித்தே ஆகவேண்டும் என்பவர் இருந்தால் கவாராவ் பாலத்துக்குப் போய் வரலாம், 1988இல் வணிகரீதியாக அது தொடங்கிய இடம் அதுதான். கிராம்வெல் வழியாகப் போங்கள், கிரவுன் ரேஞ்ச் மலைச்சாலை கேம்பர்வேனுக்குச் சுகமில்லை. மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் மில்ஃபோர்ட் சவுண்டையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடச் சொல்வேன். வசந்தத்தில் அந்தச் சாலையில் பனிச்சரிவு அபாயத்தால் மூடல் வரும், போய்வர இரண்டு மூன்று நாள் ஓட்டத்திலேயே போய்விடும்.

எட்டாம் இரவு லிண்டிஸ் வழியாகவே திரும்பி வைட்டாக்கி பள்ளத்தாக்கின் அணைக்கட்டு ஏரிகளில் ஒன்றின் கரையில், ஒன்பதாம் இரவு ஒமாரு. அந்திசாயும் நேரத்தில் கடலிலிருந்து சின்ன நீலப் பெங்குவின்கள் கூட்டமாகக் கரையேறி வருவதைக் கட்டணம் கட்டி உட்கார்ந்து பார்க்கலாம், படம் எடுக்க விடமாட்டார்கள். பத்தாம் நாள் ஒமாருவிலிருந்து கிறைஸ்ட்சர்ச் 250 கிலோமீட்டர், சாலை நேராக இருக்கும்.

வண்டியைக் கொடுப்பதும் கணக்கும்

வண்டியை அன்று மாலைக்குள் கொடுத்துவிட்டு விமான நிலையம் அருகே மோட்டலில் தங்குங்கள், திரும்பும் விமானம் பகலில் கிளம்பும், காலையில் வண்டியையும் கழுவிக்கொண்டு பெட்டியும் கட்ட முடியாது. கொடுக்குமுன் டீசல் நிரப்பவேண்டும், இரண்டு கழிவுத் தொட்டிகளும் காலியாக இருக்கவேண்டும், தரையைப் பெருக்கிவிடுங்கள், மறுபடியும் சுற்றி வந்து வீடியோ. மிஞ்சிய அரிசி, எண்ணெய், உப்பைத் தூக்கிப் போடாமல் முகாம் சமையலறையில் வைத்துவிட்டு வரலாம், அடுத்து வருபவர்கள் எடுத்துக்கொள்வதற்காகவே பல இடங்களில் தனி அலமாரி இருக்கும்.

செலவுக்கு ஸ்பிளிட்வைஸ் மாதிரி செயலி ஒன்றை முதல் நாளே எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள், வாங்கும் இடத்திலேயே பதிவு செய்தால் கடைசியில் ரசீது தேடவேண்டாம். டீசல் வண்டிகளுக்கு ஓடிய தூரத்தைப் பொறுத்துச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனியாக உண்டு, பம்பில் டீசல் மலிவாகத் தெரிவது அதனால்தான். பல நிறுவனங்கள் அதை வண்டி திரும்பிய பிறகு கார்டில் எடுக்கும். வேக அபராதம் ஏதும் இருந்தால் அதுவும் வாரங்கள் கழித்துத்தான் வரும். அதனால் சாங்கியில் இறங்கியதும் எல்லாரும் பேநவ் அனுப்பிக் கணக்கை மூடிவிடாமல், கார்டு கொடுத்தவருடைய அடுத்த மாத பில் வரும்வரை திறந்தே வையுங்கள்.